வெளிநாட்டு உதவியில் விவசாயத் திட்டம்: நடுவில் மாற்றும் உரிமை யாருக்கு?

கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. நாற்பது விவசாயிகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். காபி, மிளகு, மலைவாழை, சௌசௌ, பீன்ஸ் போடுகிறார்கள். ஐரோப்பாவில் உள்ள ஓர் உதவி அமைப்பு, கீழே சமவெளியில் இயங்கும் ஓர் அறக்கட்டளை மூலமாக மூன்று வருடத் திட்டம் தருவதாகப் பேச்சு நடக்கிறது. "பார்ட்னர்ஷிப் என்கிறார்கள். இந்த மாதிரித் திட்டங்களில் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் எப்படித்தான் சேர்ந்து வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். கேள்வி பொதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: பணம் அவர்களுடையது, நிலம் நம்முடையது, அப்படியானால் முடிவு யாருடையது?

தொடங்கும்போது இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுவார்கள். முடியும்போது இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த இரண்டு நாளிலும் கூட்டாளித்தனத்துக்குக் குறைவே இருக்காது. இடையில் பனி விழும், மழை தப்பும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் விலை படுத்துவிடும், காட்டுமாடு வேலியைச் சாய்த்துவிட்டுப் போகும். அன்றைக்கு எழுதிய திட்டத்தை மாற்ற வேண்டும் என்று யார் சொல்லலாம், யாரிடம் சொல்ல வேண்டும், பதில் எத்தனை நாளில் வரும் என்பதுதான் உண்மையான உறவு. கீழே எழுதுவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில், பணம் வரும் பாதை இரண்டு. ஒன்று அரசு வழி. உலக வங்கி, ஜப்பானின் உதவி நிறுவனமான ஜெய்கா, ஜெர்மனியின் வளர்ச்சி வங்கியான கே.எஃப்.டபிள்யூ போன்றவை மத்திய அரசோடு ஒப்பந்தம் போடுகின்றன. 2007இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஐயாம்வார்ம் பாசனத் திட்டம் உலக வங்கிக் கடன். வனத்துறையின் காடு வளர்ப்புத் திட்டங்கள் 1997 முதல் ஜப்பான் கடனில் நடந்தவை. 'உதவி' என்று சொன்னாலும் இவற்றில் பெரும்பகுதி வட்டி குறைந்த கடன்தான். மாநில அரசு திட்ட அறிக்கை தயாரித்து டெல்லிக்கு அனுப்பும். நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை அதைக் கடன் கொடுப்பவரிடம் முன்வைக்கும். அவர்கள் ஆள் அனுப்பி மதிப்பீடு செய்வார்கள், பேச்சுவார்த்தை நடக்கும், அதன் பிறகு கையெழுத்து. யோசனைக்கும் முதல் ரூபாய்க்கும் இடையில் இரண்டு, மூன்று வருடம் ஓடிவிடுவது சாதாரணம். பெரும்பாலும் பணம் முன்கூட்டியும் வராது. மாநிலம் தன் பட்ஜெட்டில் ஒதுக்கிச் செலவு செய்து, கணக்கை டெல்லியில் உள்ள உதவிக் கணக்கு மற்றும் தணிக்கைப் பிரிவுக்கு அனுப்பித் திரும்பப் பெறும். 2005 முதல், சிறப்பு வகையில் சேராத தமிழ்நாடு போன்ற பொது வகை மாநிலங்களுக்கு இந்தக் கடன் வந்த நிபந்தனையிலேயே போய்ச் சேருகிறது. அதாவது வட்டியோடு நாணய மாற்று ஏற்ற இறக்கமும் மாநிலத்தின் தலையில். ஆகவே அரசு வழித் திட்டத்தில் அதிகாரி ஒவ்வொரு பில்லுக்கும் பயப்படுகிறார் என்றால் அதில் காரணம் இருக்கிறது. விதிப்படி நடக்காத செலவைக் கொடுப்பவர் ஏற்கமாட்டார், அது முழுக்க மாநிலச் செலவாகிவிடும்.

இரண்டாவது, உங்களுக்கு வந்திருக்கும் வழி: தொண்டு நிறுவனம் மூலமாக வரும் நன்கொடை. இதை ஆள்வது எஃப்.சி.ஆர்.ஏ எனப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010. இதன் 2020 திருத்தம் உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்கு முன்பு, பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளை, தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பகுதியை இன்னொரு பதிவு பெற்ற சங்கத்துக்கு மாற்றிக் கொடுக்க முடிந்தது. இப்போது யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. வாங்கியவரே செலவு செய்ய வேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். உள்ளூர்ப் பணத்தோடு கலக்கக் கூடாது. வருடம் முடிந்து ஒன்பது மாதத்துக்குள் எஃப்.சி-4 படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். உங்கள் குழுவின் பாஸ்புக்கில் அந்தப் பணம் மானியமாக ஏறவே ஏறாது. அறக்கட்டளை பல்ப்பர் (காபிப் பழத்தின் தோலை உரிக்கும் எந்திரம்) வாங்கிக் கொடுக்கலாம், பயிற்சி நடத்தலாம், கன்று தரலாம். ஆனால் "இந்தாருங்கள், நீங்களே செலவு செய்து கணக்குக் கொடுங்கள்" என்று சொல்ல முடியாது. பேச்சில் நீங்கள் பார்ட்னர், சட்டத்தில் நீங்கள் பயனாளி. இது அறக்கட்டளைக்காரரின் கெட்ட எண்ணம் இல்லை, சட்டம் விட்ட வழி அதுதான். இதனால்தான் முடிவெடுக்கும் உரிமையைப் பணத்தின் வழியாகக் கேட்காமல், எழுத்துப்பூர்வமான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு சின்ன ஆறுதல் உண்டு. உங்கள் காபியையோ மிளகையோ வெளிநாட்டில் ஒருவர் வாங்கி, விலையாகப் பணம் அனுப்பினால் அது இந்தச் சட்டத்தின் கீழ் பங்களிப்பு ஆகாது, வியாபார வரவு. உதவி என்று கேட்பதைவிட, நல்ல விலைக்கு வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் காகித வேலை எவ்வளவோ குறைவு. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தத் துறையில் பழகிய ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். இங்கே நான் எழுதுவது அதற்கு மாற்று ஆகாது.

அடுத்தது திட்டம் எழுதும் கட்டம். அமைப்பின் ஆட்கள் ஊருக்கு வருவார்கள். தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடச் சொல்வார்கள், கூழாங்கல் வைத்துப் பிரச்சினைகளை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். இது நல்ல முறைதான், கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரைபடம் பிறகு 'லாக்ஃபிரேம்' என்ற ஓர் அட்டவணையாக மாறும். நோக்கம், விளைவு, அளவுகோல், அதை எங்கே பார்த்துச் சரிபார்ப்பது, எதை நம்பி இதைச் சொல்கிறோம் என்று கட்டம் கட்டமாக. மூன்று வருடமும் உங்களை அளக்கப்போவது கோலப்பொடி இல்லை, இந்த அட்டவணை. பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் ஊருக்கு வெளியே எழுதப்படுகிறது. 'பங்கேற்பு' என்ற சொல் வருகிற கூட்டத்தில் டீயும் வடையும் நிச்சயம், அட்டவணையின் தமிழ்ப் பிரதி மட்டும் நிச்சயமில்லை. அதைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பாகக் கடைசிக் கட்டத்தை வாசியுங்கள். "மழை வழக்கம்போல் பெய்யும், சந்தை விலை நிலையாக இருக்கும்" என்று அங்கே எழுதியிருந்தால், மலையில் விவசாயம் செய்யும் யாருக்கும் சிரிப்பு வரும். அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன செய்வது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

காலண்டர் பொருந்தாமல் போவது இன்னொரு நிச்சயமான தொல்லை. ஜெர்மனிக்கு நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நமக்கும் ஜப்பானுக்கும் ஏப்ரலில், உலக வங்கிக்கு ஜூலையில், அமெரிக்க அரசுக்கு அக்டோபரில். பயிருக்கு இவற்றில் எதுவும் இல்லை. நீலகிரியில் உருளைக்கிழங்கு நீர்போகம் ஜனவரி, பிப்ரவரியிலும், கார்போகம் ஏப்ரல், மே மாதத்திலும், கடைபோகம் ஆகஸ்ட், செப்டம்பரிலும் நடவு. ஹெக்டேருக்கு 3 டன்னுக்கு மேல் விதைக்கிழங்கு வேண்டும். சாகுபடிச் செலவில் பெரிய தொகை அதுவே. ஏப்ரல் நடவுக்கான விதைப் பணம் ஜூன் மாதம் வந்தால் திட்டத்தில் "தாமதம்" என்று ஒரு சொல் ஏறும். விவசாயிக்கு அது ஒரு போகமே போனது. அதன் பிறகு நடக்கும் காரியம் எல்லோருக்கும் தெரியும்: நிதி வருடம் முடியப்போகிறது, செலவு காட்ட வேண்டும் என்று பிப்ரவரி, மார்ச்சில் ஸ்பிரேயரும் தார்ப்பாயும் குவியும். உங்கள் ஊரில் காபி அறுவடை எப்போது, வாழைக்கன்று வைக்கும் மழை எப்போது என்று ஒரு பக்கத் தாளில் எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். "முதல் தவணை இந்தத் தேதிக்குள் வராவிட்டால் அந்த வேலை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கப்படும், கைவிடப்படாது" என்ற ஒரு வாக்கியம் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

உங்கள் கீழ்மலைக்கு நேராகப் பொருந்தும் ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். திட்டத்தில் குழுவுக்கு ஒரு காபி பல்ப்பர் என்று வைத்துக்கொள்வோம். யோசனை சரி. பழமாக விற்பதைவிடப் பார்ச்மென்ட், அதாவது பழத்தோல் உரித்துக் கழுவி உலர்த்திய கொட்டை, ஆக்கி விற்றால் விலை கூடும். ஆனால் பல்ப்பர் ஒரு சங்கிலியின் முதல் கண்ணி மட்டும். பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்க வேண்டும், ராத்திரி தாண்டினால் புளிப்பேறும். உரித்த கொட்டையின் வழவழப்பைப் போக்கிக் கழுவத் தண்ணீர் வேண்டும். கழுவிய தண்ணீர் ஓடையில் விழுந்தால் கீழே குடிக்கிறவர் சண்டைக்கு வருவார், அதற்கு ஒரு குழி வேண்டும். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் கேட்டால் அந்த இணைப்புக்கே மாதக்கணக்கில் ஆகலாம். எல்லாவற்றுக்கும் மேல், உலர்களம். நாற்பது பேரும் உச்ச வாரத்தில் தினமும் ஆளுக்கு 150 கிலோ பழம் கொண்டுவந்தால் நாளுக்கு 6 டன். மணிக்கு ஒரு டன் ஓடும் பல்ப்பர் ஆறு மணி நேரத்தில் முடித்துவிடும், கரண்ட் நின்றுபோகாமல் இருந்தால். ஆனால் ஈரப் பார்ச்மென்ட் மலை வெயிலில் காய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே களத்தில் ஒரு நாள் சரக்குக்கு இடம் போதாது, பத்து நாள் சரக்கும் ஒரே நேரத்தில் மெல்லிய அடுக்காகப் பரந்து கிடக்க இடம் வேண்டும். நவம்பர், டிசம்பரில் பழனி மலையில் வடகிழக்குப் பருவமழை வேறு. மழைக்கு மேல்மூடி இல்லாத களம் என்றால் பார்ச்மென்ட் பூஞ்சை பிடித்து நிறம் மாறும், வியாபாரி விலையைக் குறைப்பான்.

இப்போது பட்ஜெட்டைப் பாருங்கள். 'எந்திரம்' என்ற வரியில் தொகை இருக்கும். 'கட்டுமானம்' என்ற வரி பல அமைப்புகளுக்குப் பிடிக்காது, அது நிலம், உரிமை, அனுமதி என்று வம்பில் இழுக்கும். முதல் அறுவடையில் களம் போதவில்லை என்று தெரிகிறது. பயிற்சிக்கு ஒதுக்கியதில் மிச்சம் இருக்கிறது, அதை எடுத்துக் களத்துக்குப் போடலாமா? பல ஒப்பந்தங்களில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு 10 சதவீதம் வரை அறக்கட்டளையே மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் எழுத்துப்பூர்வ அனுமதி. அந்தக் கடிதம் ஊரிலிருந்து அறக்கட்டளைக்கு, அங்கிருந்து அமைப்பின் இந்திய அலுவலகத்துக்கு, அங்கிருந்து தலைமையகத்துக்குப் போய் வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடும். நான் தொடக்கத்தில் சொன்ன உரிமை இதுதான். நல்ல கொடையாளர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். முதல் வருடத்தைச் சிறிய அளவில் வைத்து, அது முடிந்ததும் பட்ஜெட்டை மறுபடி எழுத ஒரு கட்டத்தைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுவார்கள். அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

செடி, விதை கொடுக்கும் திட்டங்களில் தவறு நடந்தால் பணத்தோடு நிற்காது, மண்ணில் தங்கிவிடும். விருப்பாட்சி மலைவாழையை முடிக்கொத்து நோய் கீழ்ப்பழனி மலையில் எப்படி அழித்தது என்பது உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். வைரஸ் நோய் அது. அசுவினி பரப்பும், அதைவிட வேகமாக மனிதன் பரப்புவான், நோயுள்ள தோட்டத்துக் கன்றைப் பெயர்த்து இன்னொரு தோட்டத்தில் வைத்து. "இத்தனை ஆயிரம் கன்று விநியோகம்" என்று இலக்கு வைத்த திட்டம், அவசரத்தில் பக்கத்துத் தோட்டத்துக் கன்றை வாங்கிக் கொடுத்தால், உதவி என்ற பெயரில் நோயை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததாக ஆகும். வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்று என்று எழுத்தில் கேளுங்கள், சோதனைச் சான்று இல்லாமல் லாரியை இறக்க விடாதீர்கள். முட்டைகோஸில் வேர் முண்டு நோயும் இப்படித்தான், ஒரு நாற்றங்காலின் மண் பல தோட்டங்களுக்குப் போகும்.

நீலகிரி இதில் பழைய பாடம். அங்கே 1961இல் உருளைக்கிழங்குத் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. பெண்புழுவின் உடலே முட்டைக்கூடாக மாறி, உள்ளே சில நூறு முட்டைகளோடு வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும். பின்னால் அது கொடைக்கானல் மலையிலும் தென்பட்டது. 1960களின் பிற்பகுதியில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு இந்தோ-ஜெர்மன் நீலகிரி வளர்ச்சித் திட்டம் வந்தபோது, ஏற்கெனவே இந்தப் புழு குடியேறியிருந்த மலைக்குத்தான் வந்தது. பொதுவாக இப்படிப்பட்ட மண்ணில் ஒரு முரண்பாடு எழும். கொடையாளர் அறிக்கைக்கு ஹெக்டேருக்கு எத்தனை டன் கிழங்கு என்ற எண் வேண்டும், வருடா வருடம் அது ஏற வேண்டும். மண்ணுக்கோ, மூன்று நான்கு வருடம் கிழங்கே போடாமல் கேரட், முட்டைகோஸ், பூண்டு, பீன்ஸ் என்று மாற்றிப் போடுவதுதான் மருந்து. மூன்று வருடத் திட்டத்தில் மூன்று வருட ஓய்வு என்றால் காட்ட எண்ணே இருக்காது. ஊட்டி அருகே முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் பணியில், இந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் 1985இல் வெளியானது. புழுவைக் கண்டுபிடித்து இருபத்து நான்கு வருடம் கழித்து. மூன்று வருட உதவிக்கும் மலை மண்ணின் காலக்கணக்குக்கும் உள்ள தூரம் அது. ஆகவே விளைச்சல் ஒன்றையே அளவுகோலாக வைக்க விடாதீர்கள். பயிர் சுழற்சி செய்த பாத்திகள் எத்தனை, கரை கட்டிய நிலம் எவ்வளவு, சுண்ணாம்பு போட்ட பிறகு மண்ணின் புளிப்பு எவ்வளவு குறைந்தது, இவையும் எண்கள்தான், இவையும் அட்டவணையில் ஏறும்.

யாருக்கு உதவி போகிறது என்பதில் காகிதம் ஒரு பெரிய வடிகட்டி. படிவம் பட்டா, சிட்டா, அடங்கல் கேட்கும். மலையில் பாதி நிலம் தாத்தா பெயரில் கூட்டுப்பட்டாவாகக் கிடக்கும். நீலகிரியின் கூடலூர்ப் பக்கம், 'ஜென்மம்' என்ற பழைய நில உரிமையை ஒழித்த 1969 சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலத்தில் தலைமுறையாக இருப்பவர்களுக்குப் பட்டாவே இல்லை. ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் காய்கறி போடுகிறவர்களில் குத்தகைக்காரர் ஏராளம், அவர்களிடம் வாய்ப்பேச்சைத் தவிர ஒன்றும் இருக்காது. உங்கள் பக்கத்துப் பளியர் குடும்பங்களிடம் 2006 வன உரிமைச் சட்டப் பத்திரம் இருக்கலாம், படிவத்தில் அதற்கு இடம் இருக்காது. தோட்டத்தில் முக்கால்வாசி வேலையைச் செய்யும் பெண் பெயரில் நிலம் இருக்காது. விளைவு, வசதியான நிலக்காரர் முதல் வரிசையில் நிற்பார். இதைக் கொடையாளர் வேண்டுமென்றே செய்வதில்லை, அவருடைய தணிக்கையாளர் ஏற்கும் ஒரே சான்றாக அவருக்குச் சொல்லப்பட்டது பட்டா. நிலத்தை அனுபவித்து வருவதற்குக் கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று, வன உரிமைப் பத்திரம், குழுத் தீர்மானம் இவற்றையும் ஏற்கலாம் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்கினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நடுவில் கேட்டால் மறுப்பார்கள்.

விவசாயியின் பங்கு என்று ஒன்று கேட்பார்கள், பணமாகவோ உழைப்பாகவோ. இது சரியான வழக்கம் என்பது என் கருத்து. மகாராஷ்டிரத்தில் ஜெர்மன் நிதியில் நபார்டு நடத்திய இந்தோ-ஜெர்மன் நீர்ப்பிடிப்புத் திட்டத்தில் ஊரைச் சேர்ப்பதற்கு முன்பே, ஊர் மக்கள் சில நாள் இலவச உழைப்பு கொடுத்துக் காட்ட வேண்டும். கரை எங்கே, மரம் எங்கே என்பதை அலுவலக வரைபடத்தில் போடாமல், கணவன் மனைவி இருவரையும் அவரவர் நிலத்தில் நிறுத்தி வைத்துப் பேசி முடிவு செய்தார்கள். முதலில் சிறிய பரப்பில் பழகிப் பார்த்து, பிறகுதான் முழு வேலை. முடிந்த பின் பராமரிக்க ஒரு நிதி. இந்த நான்கும் மலைக்கும் பொருந்தும். கவனிக்க வேண்டியது கூலிக் கணக்கு. உங்கள் ஊரில் ஆண் கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், திட்டம் 350 என்று மதிப்பிட்டால், ஒரு லட்சம் ரூபாய்ப் பங்குக்கு 143 ஆள்நாள் வேலைக்குப் பதிலாக 286 ஆள்நாள் உழைக்க வேண்டும். எந்தக் கூலி விகிதம் என்று முதலிலேயே எழுதுங்கள். நாணய மாற்றும் அப்படியே. 50,000 யூரோ, ஒரு யூரோ 90 ரூபாய் என்றால் 45 லட்சம், 84 என்றால் 42 லட்சம். அந்த 3 லட்சம் குறைந்தால் எந்த வேலை முதலில் வெட்டப்படும்? யாரும் பேசி வைக்காவிட்டால், வெட்டு விழுவது பெரும்பாலும் களத்தில்தான், சம்பளத்தில் விழாது.

எந்திரம் வாங்கும்போது குறைந்தது மூன்று விலைப்புள்ளி என்பது பொது விதி. மிகக் குறைந்த விலையே தேர்வாகும், கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ பெல்ட்டும் பேரிங்கும் கிடைக்குமா என்பதை அந்தத் தாள் கேட்காது. கேட்க வைக்க வேண்டும். பவர் டில்லரைச் சமவெளிக்காரர் தேர்ந்தெடுத்தால் படிக்கட்டுப் பாத்தியில் திருப்பவே முடியாது. இரண்டு பேர் தூக்கி மேல் பாத்தியில் வைக்கக்கூடிய எடை என்பது மலையில் ஒரு தொழில்நுட்ப நிபந்தனை. தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்ட நீலகிரியில் ஜே.சி.பி இறக்க முன் அனுமதி வேண்டும், அந்த நாட்களையும் கால அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

இனி, எது நிச்சயம், எது சந்தேகம். பணம் தாமதமாகும், ஆள் மாறுவார்கள், காகிதம் அதிகம், இவை நிச்சயம். அரசுத் துறையின் சொந்த ஊழியர்கள் வழியாக நடக்கும் பயிற்சிக்கு ஆயுள் கூடுதல் என்பதும் ஓரளவு நம்பலாம். 1986இல் டென்மார்க் உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய 'தான்வா' பெண் விவசாயிகள் பயிற்சித் திட்டம் வேளாண்மைத் துறைக்குள்ளேயே, பெண் வேளாண் அலுவலர்களை வைத்து நடந்தது. விதைத் தேர்வு, விதை நேர்த்தி மாதிரி செலவு குறைந்த நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தது. பணம் நின்றாலும் கை மறக்காத விஷயங்கள் அவை. சந்தேகத்துக்குரியது, "இந்தத் திட்டத்தால் வருமானம் இவ்வளவு கூடியது" என்ற வகைக் கூற்று. மலையில் காய்கறி வருமானத்தை ஆட்டிவைப்பது மேட்டுப்பாளையம் மண்டி விலை. கேரட் விலை ஏறிய வருடம் எல்லாத் திட்டமும் வெற்றி, இறங்கிய வருடம் எல்லாம் தோல்வி. திட்டத்தில் சேராத பக்கத்து ஊரையும் தொடக்கத்திலிருந்தே அளக்காவிட்டால், எவ்வளவு பங்கு திட்டத்தால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அறிக்கையில் அந்த ஒப்பீடு இல்லையென்றால் எண்ணை நம்ப வேண்டாம், எழுதியவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும்.

கொடையாளரின் ஊர் அரசியலும் உங்கள் கையில் இல்லை. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு டென்மார்க் உள்ளிட்ட சில நாடுகள் இந்திய உதவியைச் சுருக்கின. 2003இல் இந்திய அரசே சிறிய கொடை நாடுகளிடம், அரசு வழி உதவி இனி வேண்டாம், தொண்டு நிறுவனங்கள் வழியாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. அறக்கட்டளையின் எஃப்.சி.ஆர்.ஏ பதிவும் ஐந்து வருடத்துக்குத்தான், புதுப்பிக்காவிட்டால் வாங்கிய பணமே முடங்கும். அதன் காலாவதித் தேதி உங்கள் மூன்று வருடத்துக்குள் விழுகிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்திரம் யார் பெயரில் இருக்கும், திட்டம் முடிந்ததும் யாரிடம், எந்தக் காகிதத்தில் ஒப்படைப்பார்கள் என்பதையும் அதே கூட்டத்தில் கேளுங்கள். பல்ப்பரில் உரிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு சிறு கட்டணம் வாங்கி, குழுவின் தனிக் கணக்கில் முதல் நாளிலிருந்தே போடுங்கள். அது உள்ளூர்ப் பணமாகக் கணக்கில் வருமா என்பதை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளைக்காரர் அடுத்த முறை மேலே வரும்போது பட்ஜெட் தாளைத் தமிழில் எழுதி வாங்குங்கள். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். எந்திரத்துக்கு நேரே உலர்களம், மேல்மூடி, மின் இணைப்பு என்ற மூன்று வரிகளும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், "முதல் அறுவடைக்குப் பிறகு இந்தத் தாளைத் திருத்த நாங்கள் யாரிடம் கேட்க வேண்டும், அவர் எத்தனை நாளில் பதில் சொல்வார்?" என்று கேட்டு, வருகிற பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.